காலி மனையில் கீரை போடப் போறீங்களா? முதலில் மண்ணுக்கு நாடி பாருங்கள்!

‘‘டாக்டர், நீங்க சொன்ன மாதிரியே மனையில கீரை போட்டுட்டேன். பேத்திக்குத் தினமும் ஒரு கிண்ணம் கொடுக்கிறோம். ஆனா ரத்தம் ஏறவே மாட்டேங்குதே!’’

ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், நாலு வயசுப் பேத்தியைக் கையில் பிடித்தபடி இப்படிக் கேட்டார். குழந்தையின் நகமும் கண்ணின் கீழ் இமையும் வெளுத்திருந்தன. அதற்கு ஆறு மாதம் முன்னால், ‘‘அரை கிரவுண்டு சும்மாதானே கெடக்கு, அரைக்கீரையும் முருங்கையும் போடுங்க சார், பூச்சிமருந்து இல்லாத கீரையா குழந்தைக்குக் கொடுங்க’’ என்று சொன்னவன் நான்தான். அன்று கேட்கத் தவறிய கேள்வியை இப்போது கேட்டேன்.

‘‘அந்த மனை முன்னாடி என்னவா இருந்தது சார்?’’

‘‘சும்மாதான் கெடந்தது. அதுக்கு முன்னாடி யாரோ பழைய பேட்டரி வாங்கி உடைக்கிற கொட்டகை போட்டிருந்தாங்க. அது ஆச்சு பத்து வருஷம்.’’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேட்டரிக்குள் இருப்பது காரீயம். அது பத்து வருடத்தில் மட்கிப் போகிற சமாசாரம் இல்லை. நூறு வருடம் ஆனாலும் மேல் மண்ணிலேயே கிடக்கும். சித்த மருத்துவக் கல்லூரியில் குணபாடம் தாது வகுப்பில் காரீயத்தைச் சுத்தி செய்யும் முறைகளைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறோம். சுத்தி செய்யாத காரீயம் நஞ்சு என்பது எங்களுக்கு அரிச்சுவடி. அப்படிப் படித்தவன், மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் கீரை போடச் சொல்லியிருக்கிறேன்!

குழந்தைகள் நல மருத்துவரிடம் அனுப்பி, ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கச் சொன்னேன். அதிகமாகத்தான் இருந்தது. வயிற்றில் பூச்சியும் இருந்தது. எல்லாப் பழியையும் கீரை மேலேயே போட முடியாது. அந்த மண்ணில்தான் குழந்தை தினமும் விளையாடியிருக்கிறாள். மண் ஒட்டிய கையை வாயில் வைப்பதுதான், கீரையைவிடப் பெரிய வழி. இதில் ஒரு விஷமச் சுழற்சி உண்டு. ஈயம் உடலில் ரத்தச் சிவப்பு உண்டாவதைத் தடுக்கிறது. இரும்புச்சத்து குறைந்த குழந்தையின் குடலோ ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சுகிறது. ரத்தம் ஊறட்டும் என்று நாம் கொடுத்த கீரையே மண்ணோடு சேர்ந்து எதிர்வேலை செய்தால் எப்படி ரத்தம் ஏறும்?

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘வேண்டாம்ப்பா இந்த வம்பு’ என்று மண்வெட்டியைப் பரணில் போட்டுவிடாதீர்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருநின்றவூர் பக்கமெல்லாம் வாங்கிப் போட்டு வீடு கட்டாத மனைகள் எத்தனையோ கிடக்கின்றன. ஐரோப்பாவில் ஊர்க்காரர்களுக்கு இப்படிச் சிறு துண்டு நிலத்தைத் தோட்டம் போடக் கொடுக்கும் வழக்கம் வெகுகாலமாக உண்டு. ஜெர்மனியில் அதற்கு ‘ஷ்ரேபர் தோட்டம்’ என்று ஒரு டாக்டரின் பெயரே நிலைத்துவிட்டது. 1860-களில் லைப்சிக் நகரத்தில் குழந்தைகள் விளையாட ஒரு திடலும், அதன் ஓரத்தில் அவர்களுக்கென்று சின்னச் சின்னப் பாத்திகளும் அமைத்தார்கள். குழந்தைகளுக்குச் சலித்துப் போனதும் பெற்றோர் மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நம் வீட்டுக் கதைதான்!

சரி, உங்கள் மனைக்கு வருவோம்.

நிலத்தின் பூர்வோத்தரம்

மனைக்கு எதிரில் டீக்கடை இருந்தால் அங்கே போய் ஒரு டீ குடியுங்கள். ‘இந்த இடம் முன்னாடி என்ன?’ என்று விசாரியுங்கள். வயல், தோப்பு, மாட்டுக் கொட்டில் என்று பதில் வந்தால் சந்தோஷம். பேட்டரி, முலாம் பூசும் பட்டறை, பெயின்ட் கிடங்கு, பழைய இரும்புக் கடை, குப்பை எரித்த இடம் என்றால் உஷார். பழைய சுவரிலிருந்து உதிரும் பெயின்ட்டையும் கவனியுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றது 2000-ல். அதனால் நெடுஞ்சாலை ஓரத்து மனையில், சாலையை ஒட்டிய சில அடிகளில் கீரை வேண்டாம். அங்கே வேலிச்செடி போதும்.

அடுத்தது மண் பரிசோதனை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 விஷயங்களைப் பார்க்கிறார்கள். கார அமில நிலை, உப்பு, கரிமச்சத்து, தழை மணி சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். பயிருக்கு இது நல்ல கணக்கு. ஆனால் ஈயம், காட்மியம் இந்தப் பட்டியலில் இல்லை! ‘கவர்ன்மென்ட்ல டெஸ்ட் பண்ணிட்டேன் டாக்டர், மண்ணு நல்லாருக்காம்’ என்றால் உரத்துக்கு நல்லாருக்கு என்று மட்டும்தான் அர்த்தம். சந்தேகமான இடம் என்றால் தனியார் பரிசோதனைக் கூடத்தில் ‘கன உலோகம் பார்க்கணும்’ என்று தனியாகக் கேட்க வேண்டும். குழந்தைகள் புழங்கும் வீட்டு மண்ணில் ஈயத்துக்கான எச்சரிக்கை அளவை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2024 ஜனவரியில் 400 பி.பி.எம்.மிலிருந்து 200-ஆகக் குறைத்தது. உங்கள் முடிவைப் படிக்க இது ஓர் அளவுகோல்.

மாதிரி எடுப்பது சுலபம். மனையில் ஏழெட்டு இடங்களில் மேல் குப்பையை விலக்கி, அரை அடி ஆழத்துக்கு ‘வி’ வடிவில் குழி வெட்டி, குழியின் பக்கத்தைச் சீவி எடுத்த மண்ணை எல்லாம் ஒன்றாகக் கலந்து, அதில் அரை கிலோ. உரக்குழிப் பக்கத்திலும் மரத்தடியிலும் எடுக்கக்கூடாது.

தண்ணீரும் முக்கியம். அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளில் கழிவுநீர் கலக்கும் விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கால்வாயில் ஓடுவது எல்லாம் தண்ணீர் இல்லை. சாக்கடை கலந்த நீரைக் கீரைக்கு விட்டால் சீதபேதிக்கும் குடற்புழுவுக்கும் நாமே பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி. அதேபோல ஏரிக்கரையிலும் சாக்கடை ஓரத்திலும் தளதளவென்று நிற்கும் பொன்னாங்கண்ணி, வல்லாரையைப் பறித்து வராதீர்கள். ஈர நிலத்து மூலிகைகள் கழிவில் இருக்கும் உலோகங்களை நன்றாகவே உறிஞ்சும். ‘மூலிகைதானே, நல்லதுதானே’ என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

பேப்பரும் பென்சிலும்

மண் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போதே கடைக்கு ஓடிப் பத்து வகை விதை பாக்கெட் வாங்காதீர்கள். ஒரு கோடு போட்ட பேப்பரை எடுங்கள்.

அரை கிரவுண்டு என்றால் 1,200 சதுர அடி. கிழக்கு மேற்கில் 40 அடி, தெற்கு வடக்கில் 30 அடி என்று கணக்கு வைப்போம். நம் ஊரில் வருடத்தில் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். ஆகவே நிழல் வடக்கே விழும். உயரமானதெல்லாம் வடக்கே போக வேண்டும். வடக்கு ஓரம் 6 அடியை ஒதுக்கி முருங்கை, அகத்தி, பப்பாளி, பந்தல், மட்குக் குழி எல்லாம் அங்கே. முருங்கைக்குத் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். மண்ணைக் குவித்து மேட்டில் வையுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பி.கே.எம்.-1 விதை போட்டால் அந்த வருடத்திலேயே காய் பறிக்கலாம். மரம் எட்டாத உயரத்துக்குப் போகாமல் கிள்ளிவிட்டுக்கொண்டே இருந்தால்தான் கீரை கைக்கு வரும்.

மற்ற மூன்று பக்கமும் இரண்டிரண்டு அடி வேலிக்கு. மேற்கு வேலியில் நொச்சி. சித்திரை வெயிலில் பிற்பகல் சூட்டைக் கொஞ்சம் தாங்கும், சாயங்காலம் கொசுவுக்குப் புகை போடவும் ஆகும். தெற்கில் ஆடாதோடை. இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். ஆடு வாய் வைக்காது, பெயரிலேயே இருக்கிறதே! புறநகரில் கேட்பாரற்றுத் திரியும் ஆடு மாடுகளுக்கு இதைவிட நல்ல காவல்காரன் கிடையாது. கிழக்கு வேலியில் தூதுவளையும் முடக்கறுத்தானும் ஏறட்டும்.

நடுவில் மிச்சம் 36 அடிக்கு 22 அடி. இதில் 3 அடி அகலம், 10 அடி நீளத்தில் பாத்தி. பாத்திக்குப் பாத்தி ஒன்றரை அடி நடைபாதை. குறுக்கே நடுவில் 2 அடிப் பாதை. வரிசைக்கு எட்டாக இரண்டு வரிசை, மொத்தம் 16 பாத்திகள் வரும். ஏன் 3 அடி? இரண்டு பக்கமும் உட்கார்ந்து கை நீட்டினால் நடு வரைக்கும் எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைத்தால் மண் இறுகும். வேருக்கு மூச்சு முட்டும். முழங்கால் வலிக்காரர்கள் ஒரு சின்ன முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். இதற்காகவே இரண்டு பாதைகளையாவது கொஞ்சம் அகலப்படுத்தினாலும் தப்பில்லை, ஒரு பாத்தி குறையும், அவ்வளவுதான்.

மழையை மறந்துவிட்டுப் பாத்தி போடுவது நம் பக்கத்து வியாதி. 2015 டிசம்பரையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் நாம். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. புரட்டாசிக்குள் பாத்தியை முக்கால் அடி, ஒரு அடி உயர்த்தி மேட்டுப்பாத்தியாக்கிவிடுங்கள். தை பிறந்ததும் தாழ்த்திக்கொள்ளலாம். வெள்ளம் சாக்கடையோடு கலந்து தோட்டத்தில் நின்றுவிட்டால், நிற்கும் கீரையை மனசைக் கல்லாக்கிக்கொண்டு பிடுங்கி எறியுங்கள். கழுவிச் சாப்பிடலாமா என்று கேட்காதீர்கள். கூடாது.

மண்ணுக்குப் பத்தியம்

புது மனையின் மண் பெரும்பாலும் செத்த மண். செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி, எங்கிருந்தோ லாரியில் கொட்டிய நிரவல் மண். அதற்கு உயிர் கொடுக்க நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்ன வழி பலதானிய விதைப்பு. வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டுவிட்டு வந்து, 2013-ல் மறையும் வரை இயற்கை விவசாயத்துக்காகவே நடந்த மனிதர். கம்பு, சோளம், உளுந்து, காராமணி, எள், கொள்ளு, ஆமணக்கு, சணப்பு, தக்கைப்பூண்டு, வெந்தயம், கொத்தமல்லி என்று கலந்து, அரை கிரவுண்டுக்கு முக்கால் கிலோ போதும், சித்திரைக் கடைசியில் தூவித் தண்ணீர் விடுங்கள். பூ எடுக்கும் சமயம், அதாவது 45, 50 நாளில் அப்படியே மடக்கி மண்ணோடு புரட்டுங்கள். பதினைந்து இருபது நாள் மட்கட்டும். ஆடி பிறந்துவிடும். அதற்குள் ஒரு மூலையில் ஆனி முதல் வாரமே மிளகாய் நாற்று விட்டிருக்க வேண்டும், அதற்கு 40 நாள் வேண்டும். கத்தரிக்கு 30, 35 நாள். தக்காளிக்கு 25 நாள். தேதியைப் பின்னாலிருந்து எண்ணிக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

உரம் என்றால் நன்றாக மட்கிய தொழு உரம் மட்டும். கருப்பாக, உதிரியாக, நாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். பச்சைச் சாணத்தைக் கீரைப் பாத்தியில் போடவே கூடாது, வயிற்றுக் கிருமி வரும். கொடுமுடி டாக்டர் நடராஜன், அவர் ஆங்கில மருத்துவம் படித்தவர், பயிருக்குப் பரப்பிய பஞ்சகவ்யத்தை 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து விடலாம். அதிலும் சாணம் இருப்பதால் கீரைக்கு வேர்ப்பக்கம் மட்டும். இலை மேல் தெளித்துவிட்டு மறுநாள் பறிப்பது என்ன நியாயம்?

பூச்சிக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலத்தில் தெளியுங்கள். எருக்கிலைக் கரைசல் செய்கிறவர்கள் கண் பத்திரம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், நாட்டு வைத்தியம் பார்க்க உட்காரக்கூடாது.

எந்தப் பாத்தியில் எது?

16 பாத்தியையும் நாலு நாலாகப் பிரியுங்கள். கீரைக்கு நாலு. கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு நாலு. அவரை, கொத்தவரை, காராமணிக்கு நாலு. முள்ளங்கி, சின்ன வெங்காயம், வெண்டைக்கு நாலு. ஒவ்வொரு பட்டத்துக்கும் இந்த நாலு கூட்டமும் இடம் மாற வேண்டும். கத்தரி போன இடத்தில் திரும்பக் கத்தரியோ தக்காளியோ வந்தால் வேர் நோயும் பூச்சியும் காத்திருந்து பிடிக்கும். இதில் மூலிகை ஆசைக்காரர்கள் தவறுவது ஓரிடத்தில். மணத்தக்காளியும் தூதுவளையும் கத்தரியின் சொந்தக்காரர்கள், ஒரே குடும்பம். கத்தரி எடுத்த பாத்தியில் மணத்தக்காளி போட்டால் பயிர் மாற்றியதாகக் கணக்கில் வராது. பயறு வகை போன பாத்தியில் அடுத்து கீரை வந்தால் செழிப்பாக வரும்.

கீரைப் பாத்தி நாலையும் ஒரே நாளில் விதைத்தால் ஒரு வாரம் கீரை திகட்டும், அப்புறம் மூன்று வாரம் சந்தைக்குத்தான் போகணும். வாரம் ஒரு பாத்தி விதையுங்கள். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் வந்துவிடுவதால், நாலாவது பாத்தி விதைத்த சில நாளில் முதல் பாத்தி பறிப்புக்கு நிற்கும். பறித்த பாத்தியில் இரண்டு கூடை தொழு உரம், கொத்தி, திரும்ப விதை. அரை டீஸ்பூன் விதையை நாலு பங்கு மணலோடு கலந்து தூவினால் அடர்த்தியாக விழாது. எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும். வரப்பில் சாம்பல் தூவுங்கள். அரைக்கீரை மட்டும் வேரோடு பிடுங்காமல் திரும்பத் திரும்பக் கிள்ளுகிற ஜாதி, அதற்குத் தனி ஓரம்.

கத்தரி ஒரு பாத்திக்கு இரண்டு அடி இடைவெளியில் பத்துச் செடி. நாலு பேர் குடும்பத்துக்கு அது ஏராளம். புதுசாக ஆரம்பிக்கிறவர்கள் நாற்று மிச்சமாயிற்றே என்று நடுவில் நடுவில் சொருகுவார்கள். செய்யாதீர்கள், காற்று புகாது. குழாயடி ஈரத்தில் கரிசாலையும் வல்லாரையும். சுரை, புடல், பாகல் எல்லாம் பந்தலுக்கு, தைப் பட்டத்திலும் போடலாம். இவற்றை விரித்து எழுதினால் பத்திரிகை தாங்காது.

வைத்தியனாகச் சில வார்த்தை சொல்லியாக வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குக் கீரையில் உள்ள பொட்டாசியம் ஆகாது, டாக்டரைக் கேட்டுத்தான் அளவு. கல்லடைப்பு வந்தவர்கள் பசலையைக் குறையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தோட்டத்தில் விளைந்ததே என்று திடீரென்று தினமும் முருங்கைக் கீரை சாப்பிட்டால் மாத்திரையின் கணக்கே குழம்பிவிடும். கர்ப்பிணிகள் கீரையை நம்பி இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக்கூடாது. வேலி ஓரம் கீழாநெல்லி முளைத்திருக்கிறது என்பதற்காக மஞ்சள் காமாலைக்கு நீங்களே மருந்து அரைக்காதீர்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் வெறுங்காலோடு பாத்திக்குள் இறங்கவே கூடாது. முள் குத்தியது தெரியாமலே புண் ஆகும். எல்லாருமே டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தப் பெரியவர் மனை என்ன ஆயிற்று? பரிசோதனையில் மண்ணில் ஈயம் அளவுக்கு மேல்தான் வந்தது. கீரையையும் முள்ளங்கியையும் முற்றிலும் நிறுத்தினார். ஒரு மூலையில் கல் அடுக்கி, அடியில் கெட்டியான விரிப்புப் போட்டு, சோதித்து வாங்கிய புது மண்ணை ஒன்றரை அடி உயரத்துக்கு நிரப்பினார். அதில் வெறும் காய் வகைகள் மட்டும். காய்க்குள் ஈயம் ஏறுவது இலை, கிழங்கைவிட வெகு குறைவு. மிச்ச இடம் முழுக்கத் தழை மூடாக்கு, தூசி பறக்காமல் இருக்க. கீரை இப்போது வீட்டு மொட்டை மாடியில் பைகளில் வளர்கிறது. பேத்திக்கு அங்கே விளையாட்டு கிடையாது, வெளியிலிருந்து வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும். பூச்சிக்கு மருந்து, இரும்புச்சத்து டானிக் எல்லாம் குழந்தைகள் மருத்துவர் கொடுத்தார். சில மாதம் கழித்துப் பார்த்தபோது ஈயம் இறங்கியிருந்தது, ரத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

போன மாதம் வந்தவர், பையிலிருந்து ஒரு பிஞ்சுச் சுரைக்காயை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். ‘‘பயப்படாதீங்க டாக்டர், புது மண்ணு!’’ என்றார்.